பந்திப் பேப்பரில் போட்ட உறவுமுறைக் கணக்கு

இந்தப் பயிற்சி மையத்தில் புதிதாக ரீசனிங் எடுக்க வந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். எண் தொடர் எடுங்கள், திசை எடுங்கள், கடிகாரம் எடுங்கள், ஒரு வம்பும் வராது. குறியீட்டு உறவுமுறையைத் திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு எடுக்கும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு எடுங்கள். வராந்தாவில் போகிறவர்கள் கேட்டால் நம் மானம் போகும்.

அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியும். ஏ கூட்டல் பி என்றால் ஏ என்பவர் பியின் அப்பா. கழித்தல் என்றால் தங்கை. பெருக்கல் என்றால் கணவர். இப்படி நாலு குறியைக் கொடுத்துவிட்டு, ஐந்தாறு எழுத்துகளைக் கோத்து, கடைசி ஆள் முதல் ஆளுக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். குறியைப் பிரித்து மரம் போட்டால் விடை தானாக வந்துவிடும். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

நம் பிள்ளைகளுக்கு உறவு தெரியாமல் இல்லை. தேவைக்கு மேல் தெரியும். அதுதான் தொல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஏயின் அம்மாவுக்கு பி சகோதரர். பியின் மகள் ஏக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். பின் பெஞ்சிலிருந்து சேரன்மகாதேவிக்காரன் ஒருவன் எழுந்து, "கட்டிக்கிடுத முறை, டீச்சர்" என்றான்.

"அப்படி ஒரு விடை அங்க இல்லையேப்பா."

"அப்ப கேள்வி தப்பு."

இன்னொரு வகுப்பில் ஒரு பெண். அவளுடைய அம்மா சொந்தத் தாய்மாமாவையே கட்டிக்கொண்டவர். "டீச்சர், எங்க ஆச்சி எனக்கு அம்மாவைப் பெத்தவங்க. எங்க அப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. அப்போ ஆச்சியா, அத்தையா?" என்று கேட்டாள். ரெண்டும்தான் என்றேன். "விடைத்தாளில ஒரு வட்டத்தைத்தானே கறுப்பாக்க முடியும்?" என்றாள். அவள் வீட்டை மரமாகப் போட்டுப் பார்த்தேன். இடியாப்பமாக வந்தது. அழித்துவிட்டு மணி அடிக்கக் காத்திருந்தேன்.

இதற்கெல்லாம் நான் வைத்திருந்த ஒரே மருந்து ஒரு கட்டளை. கேள்வியில் கொடுத்ததைச் சந்தேகப்படாதே, கொடுக்காததைச் சேர்க்காதே. ஓய்வு பெறும்வரை இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போயிற்று. பரீட்சை ஹாலுக்குள் இன்றைக்கும் இதையே சொல்லுங்கள். ஹாலுக்கு வெளியே சொன்னால் என்ன ஆகும் என்பதற்குத்தான் சங்கர், கோமதி கதையைச் சொல்லப் போகிறேன்.

இருவரும் என் வகுப்பில் படித்தவர்கள். சங்கர் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவான். கோமதிக்கு இதே பாளையங்கோட்டை. அவனுக்கு உறவுமுறைக் கணக்கு அறவே வராது. வகுப்பு முடிந்ததும் அவள்தான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பாள். அந்த இருவருக்கும் என்ன உறவு என்று வகுப்பு மொத்தமும் கண்டுபிடித்த பிறகுதான், உறவுமுறை எடுக்கிற எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் தேர்வில் தேறி அரசாங்க வேலையில் உட்காரும்வரை மூச்சு விடவில்லை. உட்கார்ந்த பிறகு அவரவர் வீட்டில் சொல்லி, அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒரு வழியாகச் சம்மதம் வாங்கினார்கள். இரண்டும் சைவ வீடுகள் என்பதால் பெரியவர்களுக்கும் மறுக்கச் சாக்கு கிடைக்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்குப் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மண்டபம். எனக்கு முதல் வரிசையில் நாற்காலி. கோமதிக்கு அப்பா இல்லை, சில வருஷங்களுக்கு முன்பு தவறிவிட்டார். அவருடைய படத்துக்கு மாலை போட்டு மேடை ஓரத்தில் வைத்திருந்தார்கள். தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, சங்கர் வீட்டு ஆட்களில் மூத்தவரான பிரமநாயகம், சங்கருடைய அப்பாவுக்குத் தாய்மாமா, திருநீறு எடுக்கப் படத்துக்குப் பக்கத்தில் போனார். போனவர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏ பகவதி, இங்கன வா. இது நம்ம மில்லு ஆறுமுகம்லா!"

பகவதி என்பது சங்கரின் அம்மா. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து படத்தைப் பார்த்தார். "ஆத்தாடி, மில்லுச் சித்தப்பா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

விஷயம் இதுதான். பகவதியின் அப்பா விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பகவதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஆலையில் வேலை பார்த்த ஆறுமுகம் சாயங்காலமானால் அந்தக் கடையில்தான் இருப்பார். பகவதியைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் பாபநாசம்வரை கூட்டிப்போவார். பிறகு பகவதிக்குக் கல்யாணமாகி வேறு வீடு போயாயிற்று, ஆறுமுகமும் வேலையை விட்டுவிட்டு பாளையங்கோட்டைப் பக்கம் வந்துவிட்டார். தொடர்பு விட்டுப்போயிற்று. அவருடைய மகள்தான் கோமதி என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"எங்க சித்தப்பா மவளாட்டி நீ!" என்று பகவதி கோமதியைக் கட்டிக்கொண்டார். பகவதி ஒற்றைப் பிள்ளை. அப்பா வழியில் சொல்லிக்கொள்ள ஒருத்தி கிடைத்த சந்தோஷம் முகத்தில் அப்படித் தெரிந்தது. சொந்தத்துக்குள்ளேயே அமைஞ்சுட்டு பாத்தியா என்று ஆளாளுக்குப் பூரித்தார்கள். நானும் பூரித்தேன்.

பிரமநாயகம் மட்டும் விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

"தட்டைக் கீழ வைங்கவே" என்றார்.

"என்ன மாமா?" என்றார் பகவதி.

"ஆறுமுகம் உங்க அப்பாவுக்குத் தம்பி. தம்பி மவ உனக்குத் தங்கச்சி. உனக்குத் தங்கச்சின்னா, உன் மவனுக்கு அவ என்ன வேணும்?"

பகவதியின் கை கோமதியின் தோளிலிருந்து பையக் கீழே இறங்கியது.

"சித்தி" என்றார் பிரமநாயகம். "சித்தியைப் போயி எவனாவது கட்டுவானாலே?"

 மண்டபத்தில் எங்கேயோ ஒரு மூலையில் ஒருவர் சிரித்துத் தொலைத்தார். அது தும்மல் மாதிரி நாலு பக்கமும் பரவியது. கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருஷம் அந்த இரண்டு பிள்ளைகளும் பஸ் ஸ்டாண்டிலும் படிக்கட்டிலும் உட்கார்ந்து காத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தவள்.  நம் பக்கத்தில் மாமன் மகளைக் கட்டலாம், அத்தை மகளைக் கட்டலாம், அக்காள் மகளைக்கூடக் கட்டலாம். சித்தி முறை என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அன்றைக்கே சம்பந்தம் முறிந்து போகும். அதை ஒட்ட வைக்க ஆள் கிடையாது.

சங்கர் நேராக என்னிடம் ஓடி வந்தான். "டீச்சர், நீங்க சொன்னா கேப்பாவ. எப்படியாவது ஒரு மரம் போடுங்க."

"ஆமா, ஊர்ப்பிள்ளையளுக்கெல்லாம் முறை சொல்லிக்கொடுக்க டீச்சராம்லா. போடச் சொல்லு, பாப்போம்" என்றார் பிரமநாயகம்.

என்னையா சொன்னார்? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுதுவதற்கு ஏதாவது கொடுங்கள் என்றேன். ஒருவரும் கொடுக்கவில்லை. சாப்பாட்டு அறையில் மேசைகளின் மேல் பந்திப் பேப்பர் விரித்து வைத்திருந்தது. சங்கரின் பையில் ஒரு ஸ்கெட்ச் பேனா கிடைத்தது. முதல் மேசையின் தலைப்பில் ஆரம்பித்தேன். கடைக்காரர், அவருக்குக் கீழே பகவதி, பகவதிக்குக் கீழே சங்கர். கடைக்காரருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு 'தம்பி' என்று எழுதி ஆறுமுகம், அவருக்குக் கீழே கோமதி. பெட்டி போட்டு, அம்பு போட்டு, குறி போட்டு, வகுப்பில் போடுவதைவிட அழகாகப் போட்டேன். மண்டபமே பின்னால் வந்து எட்டிப் பார்த்தது.

"சித்திதான்" என்றேன்.

சங்கர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "டீச்சர், நீங்க யாரு பக்கம்?"

நான் என்ன செய்ய? கேள்வியில் கொடுத்ததைச் சந்தேகப்படக் கூடாதே. விடை அதுதான் வருகிறது. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறு ஒரு வழியில் முறை திரும்புகிறதா பார்ப்போம் என்று, தெரிந்த சொந்தங்களையெல்லாம் பிரமநாயகத்திடம் கேட்டுக் கேட்டு எழுத ஆரம்பித்தேன். நம் பக்கத்தில் ஒரே ஆளுக்கு ஒரு வழியில் சித்தி முறையும் இன்னொரு வழியில் மாமன் மகள் முறையும் வருவது உண்டு. அவருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. கல்லிடைக்குறிச்சி அத்தை, அம்பாசமுத்திரத்துப் பெரியப்பா, அந்தப் பெரியப்பாவின் சகலை என்று அவர் சொல்லச் சொல்ல, என் மரம் முதல் மேசையைத் தாண்டி, இரண்டாவது மேசையைக் கடந்து, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த மரத்தில் ஏறினவர்கள் யாருக்கும் கோமதியைத் தெரியவில்லை.

சமையற்காரர் இலைக்கட்டோடு வந்து நின்றார். மேசையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, "அண்ணாச்சி, சொதி ஆறுது. இலை போடட்டுமா?" என்றார்.

"பொறும்வே" என்றார் பிரமநாயகம்.

என் பேனா நின்றது.

"இவர் உங்களுக்குத் தம்பியா?" என்றேன்.

"யாரு, சமையக்காரரா? அவரு களக்காட்டுக்காரருல்லா. எனக்கு எப்படித் தம்பி ஆவாரு?"

"பிறகு ஏன் உங்களை அண்ணாச்சின்னு கூப்பிடுதாரு?"

"நல்லா கேட்டீய போங்க. என்னை ஊரே அண்ணாச்சின்னுதான கூப்பிடுது..." என்றவர் பாதியில் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

"கடைக்காரரும் ஆறுமுகமும் அண்ணன் தம்பின்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அண்ணாச்சி அண்ணாச்சின்னு அவரையே சுத்திச் சுத்தி வருவானே. என் காதால கேட்டிருக்கேன்."

"கூடப்பிறந்த அண்ணாச்சியா, கூப்பிடுத அண்ணாச்சியா?"

 திருநெல்வேலியில் பலசரக்குக் கடை வைத்தவரை அண்ணாச்சி என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அப்பாவை அண்ணாச்சி என்கிற ஆளைச் சித்தப்பா என்று கூப்பிடத்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பகவதியும் அதைச் சொந்தம் என்றே நம்பி வளர்ந்திருக்கிறார். இவ்வளவு நேரம் நான் போட்ட இரண்டு மேசை நீளக் கணக்கும் ஒரே ஒரு 'அண்ணாச்சி'யின் மேல் நின்றுகொண்டிருந்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் நான் கேட்டுப் பார்க்கவில்லை.

கோமதியின் அம்மா எங்கே என்று தேடினேன். ஸ்டோர் ரூம் வாசலில் ஒதுங்கி நின்றார்கள். புருஷன் இல்லாதவர்களாம், சபைக்கு வரக் கூடாதாம். ஆறுமுகத்தோடு குடும்பம் நடத்திய ஒரே ஆள் அங்கே நிற்க, முறையைப் பற்றி நாங்கள் இங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு வந்த எரிச்சலில் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்து வந்தேன்.

"உங்க வீட்டுக்காரருக்கு விக்கிரமசிங்கபுரத்துல கூடப்பிறந்தவங்க உண்டா?"

"அவுகளுக்குக் கூடப்பிறந்தது ரெண்டு அக்காமாருதான். சொந்தபந்தம் எல்லாம் கடையநல்லூர்ப் பக்கம். விக்கிரமசிங்கபுரத்துல ஒரு ஆளும் கிடையாது. பொழைக்கப் போன இடம்லா."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"யாரும் என்கிட்ட கேக்கலியே, டீச்சர்."

 ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, 'தம்பி' என்று எழுதியிருந்த கோட்டைக் குறுக்கே அடித்தேன். "சித்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்நியம்" என்று அறிவித்தேன். கோமதி சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். சங்கர் கை தட்டியே விட்டான். ஜெயித்த பெருமையில் எனக்குக் கழுத்து ஒரு முழம் உயர்ந்திருந்தது.

பகவதி அந்த அடித்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ இவ எனக்கு ஒண்ணுமே இல்லியா, டீச்சர்?"

"ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கிடைத்த சித்தப்பாவை நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். என் கழுத்து இறங்கிவிட்டது.

கோமதியின் அம்மா தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்கள்.

"எங்களுக்குக் கல்யாணமான புதுசு. ஒரு நாள் மொட்டைத் தலையோட வந்து நிக்காவ. நான் பயந்தே போயிட்டேன். அண்ணாச்சி தவறிட்டாவன்னு சொல்லிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாவ. 'ஆம்பிளைப் பிள்ளை இல்லாத மனுசன், பெத்த பிள்ளையும் வர முடியல, நான்தான் மொட்டை போட்டேன்'னாவ. யாரு என்னன்னு எனக்கு அப்பத் தெரியாது."

பகவதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்குத்தான் சங்கரு பிறந்தான். என்னை அனுப்பல. யாரு மொட்டை போட்டான்னு நானும் கேக்கல" என்றார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

பிரமநாயகம் மேசையில் ஓங்கி அடித்தார். "பாத்தீயளா! மொட்டை போட்டுருக்கான்! மொட்டை போட்டா தம்பிதான்! தட்டைக் கீழ வைங்கவே!"

தட்டை அதுவரைக்கும் யாரும் திரும்ப எடுக்கவே இல்லை.

"மாமா, பைய" என்றார் பகவதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இம்புட்டு நேரம் நீங்க சொன்னீய, டீச்சர் சொன்னாவ. இப்ப நான் சொல்லுதேன். அவுக எங்க அப்பாவுக்குத் தம்பிதான். என் இடத்துல நின்னு செஞ்சவுகளை ஒண்ணுமில்லன்னு சொல்ல யாருக்கும் பாத்தியதை கிடையாது. டீச்சர், அடிச்சதைத் திரும்ப எழுதுங்க."

நான் எழுதினேன். கோமதியின் முகம் செத்துப்போனது.

"எழுதியாச்சா? இவ எனக்கு மருமவ. அதையும் எழுதுங்க."

"பகவதி, ரெண்டும் சேராதும்மா" என்றேன்.

"உங்க பரீட்சையில சேராது டீச்சர். எங்க வீட்டுல சேரும். தட்டை எடுங்க எல்லாரும்."

எடுத்தார்கள். நானும் கோமதியின் பெயருக்குப் பக்கத்தில் 'மருமகள்' என்று எழுதினேன். கோமதியின் அம்மாவையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு பகவதி தட்டு மாற்றினார். மறுத்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை, பிரமநாயகம் உட்பட. அவருக்குப் பசி வேறு.

இதைத் தேர்வில் எழுதச் சொல்லாதீர்கள், மதிப்பெண் வராது. பிள்ளைகளை மரம் போட வையுங்கள், குறியைப் பிரிக்க வையுங்கள், நேரத்துக்குள் முடிக்க வையுங்கள். ஆனால் என்றைக்காவது ஒரு மண்டபத்தில் உங்களைக் கூப்பிட்டு மரம் போடச் சொன்னால், பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஸ்டோர் ரூம் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

சமையற்காரர் அதற்குமேல் பொறுக்கவில்லை. புதுப் பேப்பர் கிடையாது என்று சொல்லிவிட்டு, என் மரத்தின் மேலேயே இலையைப் போட்டார். எனக்குப் பக்கத்தில் பிரமநாயகம் உட்கார்ந்தார். பெரியவர் சோற்றில் பாத்தி கட்டத் தெரியாமல் தேங்காய்ப்பால் சொதியை வாங்க, அது இலையைத் தாண்டி வழிந்து 'தம்பி'யின் மேல் ஏறி, பகவதியைச் சுற்றிக்கொண்டு, 'மருமகள்' வரைக்கும் போய் நின்றது.

பிரமநாயகம் குனிந்து பார்த்தார். இஞ்சிப் பச்சடியை ஒரு விரல் நக்கிக்கொண்டு, "பாத்தீயளா டீச்சர், சேந்துட்டு" என்றார்.